அமெரிக்கா பாதி மெக்சிகோவை எடுத்துக்கொண்டபோது அங்கே குடியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

கேள்வி இதுதான்: 1846–48 போரில் மெக்சிகோவின் வடக்குப் பாதியை அமெரிக்கா பிடித்துக்கொண்டது. அங்கே ஏற்கெனவே குடியிருந்த மெக்சிகோக்காரர்கள் எதிர்த்தார்களா, இல்லை பேசாமல் ஏற்றுக்கொண்டார்களா?

இரண்டும் நடந்தது. ஆனால் கேட்பவர் மனதில் போர்க்காலம் மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. போர் இரண்டே வருடத்தில் முடிந்துவிட்டது. நிலம் கைமாறியது அதற்கப்புறம், ஐம்பது வருடத்துக்கும் மேலாக, சர்வேயர் ஆபீஸிலும் கோர்ட்டிலும் வட்டிக்குக் கொடுப்பவர்களின் கணக்குப் புத்தகத்திலும். எதிர்ப்பின் பெரும்பகுதியும் அந்த ஐம்பது வருடத்தில்தான் இருக்கிறது.

முதலில் பின்னணி. 1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றபோது இன்றைய கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் எல்லாம் மெக்சிகோவின் வரைபடத்தில் இருந்தன. டெக்சாஸ் 1836-இல் பிரிந்து தனி நாடானது. 1845-இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. அதன் தெற்கு எல்லை நூவேசஸ் ஆறா, ரியோ கிராண்டேயா என்ற தகராறைச் சாக்காக வைத்து அதிபர் போல்க் படையை அனுப்பினார். 1846 மே மாதம் போர். 1848 பிப்ரவரி 2 அன்று குவாடலூப் ஹிடால்கோ உடன்படிக்கை. ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்துவிட்டு அமெரிக்கா எடுத்துக்கொண்ட நிலத்தை டெக்சாஸோடு சேர்த்துப் பார்த்தால், மெக்சிகோவின் பாதிக்கும் மேல்.

அந்தப் பரப்பில் இருந்த மெக்சிகோ குடிகள் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வரைதான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் நியூ மெக்சிகோவில், ரியோ கிராண்டே ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிய கிராமங்களில். கலிஃபோர்னியாவில் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள், கொஞ்சம் பேர். டெக்சாஸில் சான் அன்டோனியோவைச் சுற்றியும் தெற்கு ஆற்றங்கரையிலும் இன்னும் கொஞ்சம் பேர். இந்த மூன்று இடத்து மக்களும் ஒருவரையொருவர் அதிகம் அறிந்தவர்கள் அல்ல. அதனால் எல்லோரையும் ஒரே சமூகமாக நினைத்தால் கதை பிடிபடாது.

சாண்டா ஃபே நகரம் 1846 ஆகஸ்ட் 18 அன்று ஒரு குண்டுகூடச் சுடப்படாமல் விழுந்தது. இதை வைத்துத்தான் "அவர்கள் எதிர்க்கவே இல்லை" என்ற பேச்சு வந்தது. கவர்னர் மனுவேல் அர்மீஹோ மலைக் கணவாய் ஒன்றில் ஊர்க்காரர்களைத் திரட்டி நிறுத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தெற்கே ஓடிவிட்டார். லஞ்சம் வாங்கினார் என்று அப்போதே பேச்சு கிளம்பியது, நிரூபணம் ஆகவில்லை. அவரை விட்டுத்தள்ளுங்கள். சாதாரண ஜனங்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 1821 முதலே சாண்டா ஃபேயின் வியாபாரம் அமெரிக்காவின் மிசூரிப் பக்கம் திரும்பிவிட்டது. துணியும் இரும்புச் சாமானும் அங்கிருந்துதான் வந்தன. மெக்சிகோ சிட்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஆட்சி மாறிக்கொண்டே இருந்த ஒரு தலைநகரம். அபாச்சி, நவஹோ, கொமான்சி பழங்குடிப் படைகள் வந்து ஆட்டையும் ஆளையும் கவர்ந்துபோனபோது அங்கிருந்து சிப்பாய் வந்ததில்லை.

அமெரிக்கத் தளபதி ஸ்டீஃபன் கார்னிக்கு இது நன்றாகத் தெரியும். சாண்டா ஃபேக்கு மூன்று நாள் முன்னால் லாஸ் வேகாஸ் என்ற கிராமத்தில் (இன்றைய சூதாட்ட நகரம் அல்ல, நியூ மெக்சிகோவில் உள்ள ஊர்) ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று அவர் பேசிய பேச்சு பதிவாகியிருக்கிறது. மெக்சிகோ அரசாங்கம் உங்களைக் காப்பாற்றியதே இல்லை, நாங்கள் காப்பாற்றுவோம், உங்கள் மதத்தில் கை வைக்க மாட்டோம், காசு கொடுக்காமல் ஒரு மிளகாயை, ஒரு வெங்காயத்தைக்கூட என் சிப்பாய்கள் தொட மாட்டார்கள் என்றார். அதே பேச்சில், அடங்கியிருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஆயுதம் எடுப்பவனைத் தூக்கில் போடுவேன் என்றும் சொன்னார்.

சாண்டா ஃபேயில் அவருக்குப் பதில் சொன்னவர் தற்காலிகக் கவர்னர் ஹுவான் பௌதிஸ்தா விஹில் இ அலாரித். நாங்கள் ஆரவாரம் செய்யவில்லையே என்று ஆச்சரியப்படாதீர்கள், மெக்சிகோ எங்களைப் பொறுத்தவரை இறந்துவிட்டது, எப்படி இருந்தாலும் அவள் எங்கள் தாய், பெற்றவளின் கல்லறையில் எந்தப் பிள்ளைதான் அழாது என்ற கருத்தில் பேசினார். சரணடையும் உரையாகவும் அது இருந்தது. வந்தவன் முகத்துக்கு நேராக வைத்த ஒப்பாரியாகவும் இருந்தது.

ஐந்தே மாதத்தில் நிலைமை திரும்பியது. 1847 ஜனவரி 19 அன்று, வடக்கே தாவோஸில், அமெரிக்கர்கள் நியமித்த கவர்னர் சார்லஸ் பென்ட் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். கலகத்தை நடத்தியவர்கள் பாப்லோ மொந்தோயா என்ற மெக்சிகோக்காரரும், தாவோஸ் புயேப்லோ பழங்குடியைச் சேர்ந்த தோமாஸ் ரொமேரோவும். பென்டின் மனைவி மரியா இக்னாசியா ஹராமியோ அந்த ஊர்ப் பெண். வெளியே கதவை உடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் இருந்த பெண்களும் பிள்ளைகளும் கரண்டியும் இரும்புக் கம்பியும் கொண்டு மண்சுவரைக் குடைந்து அடுத்த வீட்டுக்குத் தப்பினார்கள். வெளியே நின்ற கூட்டமும் உள்ளே சுவரைக் குடைந்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்.

பிப்ரவரி முதல் வாரம் அமெரிக்கப் படை வந்து, அந்தப் புயேப்லோ கிராமத்தின் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்களைப் பீரங்கி வைத்துத் தாக்கியது. சுமார் 150 பேர் செத்தார்கள். மோரா என்ற கிராமத்தைத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு விசாரணை. நீதிபதிகளில் ஒருவர் சார்லஸ் போபியன். அவர் மகன் அந்தக் கலகத்தில்தான் கொல்லப்பட்டிருந்தான். யார் மேல் வழக்குப் போடுவது என்று முடிவு செய்யும் குற்றச்சாட்டு ஜூரிக்குத் தலைவர் செத்துப்போன கவர்னரின் தம்பி ஜார்ஜ் பென்ட். மொழிபெயர்ப்பாளர் கவர்னரின் வியாபாரக் கூட்டாளி. இவர்கள் கூடி, சிலரைக் கொலைக்காகவும் ஒருவரைத் தேசத்துரோகத்துக்காகவும் தூக்கிலிட்டார்கள். எந்த தேசத்துக்குத் துரோகம்? போர் இன்னும் முடியவில்லை, உடன்படிக்கை வர ஒரு வருடம் இருந்தது, தூக்கில் தொங்கியவர் சட்டப்படி மெக்சிகோ குடிமகன். வாஷிங்டனே பிறகு அந்தத் தேசத்துரோக வழக்கு செல்லாது என்ற நிலைக்கு வந்தது. தொங்கியவருக்கு அதனால் என்ன பயன்?

கலிஃபோர்னியாவில் வேறு மாதிரி. அங்கே மிகப் பெரிய நிலக்காரர்களில் ஒருவரான மரியானோ குவாடலூப் வயேஹோ அமெரிக்காவோடு சேருவதே நல்லது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். 1846 ஜூன் 14 விடியற்காலை சோனோமாவில் அவர் வீட்டு வாசலில் ஆயுதத்தோடு வந்து நின்ற அமெரிக்கக் குடியேறிகளை உள்ளே அழைத்து, குடிக்கக் கொடுத்து, பேச்சுவார்த்தை நடத்தினார். அந்தக் கூட்டம் குடித்துவிட்டு அவரையே கைது செய்து கொண்டுபோய் ஏறக்குறைய ஏழு வாரம் அடைத்து வைத்தது. வயேஹோ வெளியே வந்தபோது உடம்பு காய்ச்சலில் உருக்குலைந்திருந்தது. மாடும் குதிரையும் நூற்றுக்கணக்கில் போயிருந்தன. அப்படியும் அவர் தன் அமெரிக்கச் சார்பை மாற்றிக்கொள்ளவில்லை. 1849-இல் கலிஃபோர்னியாவின் முதல் அரசியல் சட்டத்தை எழுத உட்கார்ந்த 48 பேரில் அவரும் ஒருவர்.

லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல. அமெரிக்கத் தளபதி கில்லெஸ்பி ஊரடங்கு போட்டு, கூட்டம் கூடத் தடை போட்டு அடாவடி செய்ய, 1846 செப்டம்பரில் ஊரே எழுந்து அவரை வெளியேற்றியது. திரும்பி வந்த படையை அக்டோபரில் தோமிங்கேஸ் பண்ணையில் விரட்டியது ஒற்றைப் பீரங்கி. அமெரிக்கர்கள் முதலில் ஊருக்குள் வந்தபோது ஒரு கிழவி அதைத் தன் தோட்டத்தில் புதைத்து வைத்திருந்தார். அதனால் அந்தச் சண்டைக்கே கிழவியின் பீரங்கிச் சண்டை என்றுதான் பெயர். டிசம்பர் 6 அன்று சான் பாஸ்குவாலில் ஆந்த்ரேஸ் பீக்கோவின் குதிரைவீரர்கள் நீண்ட ஈட்டிகளோடு பாய்ந்து, நியூ மெக்சிகோவிலிருந்து வந்துசேர்ந்த அதே கார்னியின் களைத்த படையைக் குத்திச் சிதறடித்தார்கள். ஆனால் வெடிமருந்து இல்லை, ஆள் இல்லை, தெற்கிலிருந்து உதவி இல்லை. 1847 ஜனவரி 13 அன்று காவெங்காவில் கையெழுத்தானது. பழிவாங்கல் கூடாது, எல்லோருக்கும் மன்னிப்பு, சொத்துக்குப் பாதுகாப்பு என்ற விதத்தில் சமாதானம் அமைய, சாண்டா பார்பராவின் பெர்னார்தா ரூயிஸ் என்ற பெண்மணி அமெரிக்கத் தளபதி ஃப்ரீமாண்டைச் சந்தித்துப் பேசியதும் ஒரு காரணம்.

அப்புறம்தான் உடன்படிக்கை. எட்டாவது, ஒன்பதாவது விதிகள்: இருப்பவர்கள் ஒரு வருடத்துக்குள் மெக்சிகோ குடியுரிமையா, அமெரிக்கக் குடியுரிமையா என்று முடிவு செய்யலாம், ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அமெரிக்கக் குடிமக்கள், சொத்து அவர்களுடையதே. பத்தாவது விதி மெக்சிகோ அரசு கொடுத்த நில மானியங்கள் எல்லாம் செல்லும் என்று தெளிவாகச் சொன்னது. அமெரிக்க செனட் அந்தப் பத்தாவது விதியை அப்படியே அடித்துவிட்டது. மெக்சிகோ கவலைப்பட, இதனால் மானியங்கள் செல்லாது என்று அர்த்தமில்லை என்று மெக்சிகோவின் கெரெத்தாரோ நகரில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் குறிப்பை அமெரிக்க அரசு பிறகு கட்டுப்படுத்தும் ஆவணமாக ஏற்கவே இல்லை. பின்னால் வந்த தொல்லைகளில் பாதிக்கு வேர் இங்கே இருக்கிறது.

சிலர் கிளம்பினார்கள். மெக்சிகோ அரசும் நிலம் தருகிறோம், வாருங்கள் என்றது. டெக்சாஸின் லாரெடோ ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் புது எல்லையான ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் நுவேவோ லாரெடோவை அமைத்தார்கள். முன்னோரின் எலும்புகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனதாக அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். நியூ மெக்சிகோவிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் ஆற்றின் மேற்கே மெசில்லாவில் குடியேறின. 1853-இல் மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னா ஒரு கோடி டாலருக்கு இன்னொரு துண்டு நிலத்தை அமெரிக்காவுக்கு விற்றார். மெசில்லா அந்தத் துண்டுக்குள் இருந்தது. அமெரிக்காவே வேண்டாம் என்று வீட்டைக் காலி செய்து வந்தவர்கள் மறுபடி அமெரிக்காவில் இருந்தார்கள், இந்த முறை இருந்த இடத்தை விட்டு நகராமலே.

பெரும்பாலானவர்கள் கிளம்பவில்லை. வயலும் வாய்க்காலும் கல்லறையும் இருக்கிற இடத்தை விட்டு எங்கே போவது?

கலிஃபோர்னியாவில் நிலம் போன விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மெக்சிகோ காலத்து மானியத்துக்கு ஆதாரம் ஒரு மனு, கவர்னரின் உத்தரவு, கையால் வரைந்த ஒரு படம். அந்தப் படத்தில் எல்லை என்பது ஓர் ஓக் மரம், ஒரு ஓடை, ஒரு பாறை. அளப்பதற்கு இரண்டு குதிரைக்காரர்கள், நடுவில் ஒரு தோல் கயிறு. ஒருவன் முனையை ஊன்றி நிற்க மற்றவன் குதிரையை விட்டுக்கொண்டு போவான். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூட நின்று பார்ப்பார்கள். அத்தனை பேருக்கும் எல்லை தெரியும், அதனால் சிக்கல் வந்ததில்லை.

1851-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நிலம் வைத்திருப்பவர் எல்லோரும் இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தின் முன்னால் வந்து, நிலம் தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டும். வராவிட்டால் அது அரசு நிலம். நிரூபிக்கும் சுமை முழுவதும் உடைமையாளர் தலையில். ஆணையம் உட்கார்ந்தது சான் பிரான்சிஸ்கோவில், பேசியது ஆங்கிலத்தில். 813 மனுக்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் நியாயமானவை என்றே தீர்ப்பானது. இதைச் சொல்லித்தான் அந்தச் சட்டத்தை இன்றும் சிலர் ஆதரிக்கிறார்கள். ஆனால் ஆணையம் சரி என்றால் அரசு மேல்முறையீடு போகும், மாவட்ட நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், அப்புறம் சர்வே, சர்வேயின் மேல் ஒரு வழக்கு. பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 வருடம். அவ்வளவு காலம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம்? பண்ணைக்காரர்களிடம் மாடு இருந்தது, நிலம் இருந்தது, ரொக்கம் இல்லை. வக்கீல் நிலத்தையே கூலியாக வாங்கினார். மீதியை அடமானம் வைத்தார்கள். இடையில் புதிதாக நில வரி வேறு. மெக்சிகோ காலத்தில் விளைச்சலுக்குத்தான் வரி, சும்மா கிடக்கும் மேய்ச்சல் காட்டுக்கு இல்லை.

ஹூலியோ வெர்துகோவின் கணக்கைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் சான் ரஃபேல் பண்ணை அவர் குடும்பத்துடையது; இன்று கிளெண்டேல் நகரம் இருக்கும் இடம். 1861-இல் 3,445 டாலர் கடன் வாங்கினார். மாதத்துக்கு 3 சதவீத வட்டி, வட்டிக்கு வட்டி. 1862–64 பெரும் வறட்சியில் தெற்குக் கலிஃபோர்னியாவின் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1870-இல் கடன் 58,750 டாலர். பண்ணை போனது. இதில் யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

சான் டியேகோவின் அப்போலினாரியா லோரென்சானாவின் கதை இன்னும் உறுத்தும். மிஷன் என்ற கத்தோலிக்க மதக் குடியிருப்பில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, பெண்பிள்ளைகளுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தவர், திருமணம் செய்துகொள்ளவில்லை, தன் பெயரிலேயே நிலம் வைத்திருந்தவர். ஸ்பானியச் சட்டத்தில் பெண்ணுக்குத் தனிச் சொத்து சாதாரண விஷயம். 1878-இல், கண் தெரியாமல், பிறர் தயவில் வாழ்ந்தபோது தன் வாழ்க்கையைச் சொல்லி எழுத வைத்தார். நிலம் எப்படிப் போனது என்பதைப் பற்றி மட்டும் அதிகம் பேச அவர் விரும்பவில்லை.

இந்த வாக்குமூலங்களைச் சேகரித்தது சான் பிரான்சிஸ்கோ புத்தக வியாபாரி ஹூபர்ட் பான்கிராஃப்டின் ஆட்கள். 1870-களில் பழைய குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேச வைத்தார்கள். வயேஹோவும் ஐந்து பெரிய தொகுதிகளாகத் தன் நினைவுகளை எழுதிக் கொடுத்தார். அவரும் அதற்குள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தார். என் கணக்கில் இந்த எழுத்துகளும் ஓர் எதிர்ப்புதான். நிலத்தை மீட்க முடியாது என்று தெரிந்த பிறகு, நாங்கள் சோம்பேறிகளாக இருந்து தொலைக்கவில்லை, எங்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்று பதிவு செய்யும் வேலை அது.

கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களில் நடந்தது வேறு ரகம். மெக்சிகோவின் சோனோரா மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு வெள்ளி, தங்கம் எடுக்கும் வித்தை கைவந்தது. அமெரிக்கர்கள் அதை அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். 1850-இல் அயல்நாட்டுச் சுரங்கக்காரர்களுக்கு மாதம் 20 டாலர் வரி. உடன்படிக்கைப்படி குடிமக்களான கலிஃபோர்னியோக்களையும் (கலிஃபோர்னியாவின் பழைய ஸ்பானிய மொழிக் குடிகள்) பேச்சையும் நிறத்தையும் பார்த்து அயல்நாட்டார் என்றே நடத்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பிப் போய்விட, கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்தது. மறு வருடமே வரியை ரத்து செய்தார்கள். 1851 ஜூலை 5 அன்று டவுனிவில்லில் ஹொசேஃபா என்ற மெக்சிகோப் பெண்ணை ஒரு கும்பல் பாலத்தில் தூக்கிலிட்டது. முதல் நாள் இரவு அவள் வீட்டுக் கதவை உடைத்தவன் மறுநாளும் வந்து வசைபாட, அவள் கத்தியால் குத்தினாள். சில மணி நேரத்தில் விசாரணை, தண்டனை எல்லாம் முடிந்தது.

இந்தச் சூழலில்தான் கொள்ளைக்காரர் கதைகள் பிறக்கின்றன. ஹோவாகின் முரியேத்தா என்ற பெயரில் 1853-இல் ஒரு தலையை வெட்டிச் சாராய ஜாடியில் போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். அது அவன் தலைதானா என்பதே சந்தேகம். திபுர்சியோ வாஸ்கேஸ் 1875-இல் சான் ஹோசேயில் தூக்கில் ஏறும் முன் தன் கோபத்துக்குக் காரணம் அமெரிக்கர்கள் தன் மக்களை நடத்திய விதம் என்றார். எனக்கு இவர்களை விடுதலை வீரர்களாக்கத் தயக்கம் உண்டு, மெக்சிகோக்காரர்களையும் கொள்ளையடித்தவர்கள்தான். ஆனால் ஜனங்கள் இவர்களுக்குச் சோறும் குதிரையும் கொடுத்து மறைத்து வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த ஆள் பிரான்சிஸ்கோ ராமிரேஸ். 18 வயதில், 1855-இல், லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்பானிய மொழியில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். கும்பல் கொலைகளை வரிசையாகப் பதிவு செய்தார். அமெரிக்க அரசியல் சட்டத்தை முழுதாக நம்பியவர் அவர். அதனாலேயே அது மீறப்படும்போது அதிகமாகக் கொதித்தார். அடிமை முறையையும் எதிர்த்து எழுதினார். ஊர்ப் பெரிய குடும்பங்களுக்கே அது பிடிக்கவில்லை. 1859 கடைசியில் பத்திரிகை நின்றது. அவர் காலத்திலேயே நடந்த ஒன்று: 1849 அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட மனுவேல் தோமிங்கேஸ், 1857-இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனார். உடம்பில் இந்திய ரத்தம் இருக்கிறது என்று சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். மாநிலத்தின் அடிப்படைச் சட்டத்தை எழுதலாம், அங்கே சாட்சி சொல்லக் கூடாது.

டெக்சாஸுக்கு வருவோம். ஹுவான் செகின் 1836-இல் மெக்சிகோவை எதிர்த்து டெக்சாஸ் விடுதலைக்காகச் சண்டை போட்டவர், பிறகு சான் அன்டோனியோ மேயர். சில வருடத்திலேயே புதுக் குடியேறிகள் அவரைத் துரோகி என்று விரட்ட, 1842-இல் மெக்சிகோவுக்கு ஓடி, அங்கே சீருடை மாட்டப்பட்டு அமெரிக்காவுக்கு எதிராகவே நின்றார். போர் முடிந்து மறுபடி டெக்சாஸ் வந்தார். பிறந்த மண்ணிலேயே தான் அந்நியன் ஆனதாக 1858-இல் எழுதினார். இந்த விஷயத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஹுவான் கோர்த்தினா எழுதுகிற ரகம் மட்டும் அல்ல. 1859 ஜூலையில் டெக்சாஸின் தெற்கு எல்லையில் உள்ள பிரவுன்ஸ்வில் தெருவில், ஊர்க் காவல் அதிகாரியான ஒரு மார்ஷல், கோர்த்தினா குடும்பத்துப் பண்ணையில் வேலை பார்த்த ஒருவரைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். கோர்த்தினா நிறுத்தச் சொன்னார். வசவு பதிலாக வந்தது. மார்ஷலைத் தோளில் சுட்டுவிட்டு, அடிவாங்கியவரைத் தன் குதிரையில் ஏற்றிக்கொண்டு போனார். செப்டம்பர் 28 அன்று எழுபது சொச்சம் ஆட்களோடு வந்து ஊரையே பிடித்தார். அவரை வெளியேறும்படி சமாதானம் பேசியவர்கள் எதிர்க்கரை மத்தாமோரோஸின் மெக்சிகோ அதிகாரிகள். அமெரிக்க ஊரைக் காக்க மெக்சிகோப் படை ஆற்றைக் கடந்து வந்தது. கோர்த்தினா வெளியிட்ட அறிக்கைகளில் முதல் குறி வக்கீல்கள்: நிலப் பத்திரங்களைக் குழப்பி, கூட்டாகச் சேர்ந்து எங்கள் நிலத்தைப் பறிக்கிறவர்கள். டிசம்பரில் ராணுவமும் டெக்சாஸின் ஆயுதக் காவல் படையான ரேஞ்சர்களும் அவரைத் தோற்கடித்தார்கள். ஆற்றங்கரையில் 120 மைல் நீளத்துக்குப் பண்ணைகள் பாழாயின. நஷ்டத்தில் பெரும் பங்கு அவர் யாருக்காகச் சண்டை போட்டாரோ அவர்களுக்கே.

1877-இல் எல் பாசோவுக்குப் பக்கத்தில் உப்புக்காக ஒரு சண்டை நடந்தது. சான் எலிசாரியோ மக்கள் வண்டி கட்டிக்கொண்டு குவாடலூப் மலை அடிவார உப்பு ஏரிகளுக்குப் போய் இலவசமாக அள்ளி வந்தவர்கள். ஹாவர்ட் என்ற வக்கீல் ஏரியைத் தன் மாமனார் பெயருக்குப் பதிவு செய்து, அள்ளினால் காசு என்றார். ஊரே திரண்டது, டெக்சாஸ் ரேஞ்சர் படைப்பிரிவு ஒன்று அவர்களிடம் சரணடைந்தது, ஹாவர்டையும் இன்னும் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். பதிலடி கொடூரமாக இருந்தது, பல குடும்பங்கள் ஆற்றைக் கடந்து ஓடின. உப்புக்குக் காசு கட்ட வேண்டியதாயிற்று.

உப்பு மாதிரிதான் நியூ மெக்சிகோவின் பொது நிலமும். அங்கே ஊர் மானியம் என்றால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றை ஒட்டி ஒரு கீற்று வயல், எல்லோருக்கும் சேர்த்து வாய்க்கால், அப்புறம் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மலைவரை நீளும் பொதுக்காடு. வயல் மட்டும் இருந்து காடு இல்லாவிட்டால் அந்தக் கிராமத்தில் பிழைக்க முடியாது. அமெரிக்கச் சட்டத்துக்கோ ஒருவருக்கும் தனியாகச் சொந்தமில்லாத நிலம் என்பது புரியவே இல்லை. 1891-இல் அமைத்த தனி நில நீதிமன்றத்துக்கு மூன்றரைக் கோடி ஏக்கருக்கு உரிமை கோரி மனுக்கள் வந்தன. 1904-இல் கதவை மூடும்போது உறுதியானது சுமார் 20 லட்சம் ஏக்கர். 1897-இல் உச்ச நீதிமன்றம், பொதுக்காடு ஊருக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை, ஸ்பெயின் மன்னருக்குத்தான் சொந்தம், மன்னரிடமிருந்து மெக்சிகோவுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் வந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. 3 லட்சத்து 15 ஆயிரம் ஏக்கர் கேட்ட சான் மிகேல் தெல் வாதோ ஊருக்குக் கிடைத்தது 5 ஆயிரம் சொச்சம்.

இதை மட்டும் பார்த்தால் அமெரிக்க நீதிமன்றங்கள் பெரிய மானியங்களையே சந்தேகப்பட்டன என்று தோன்றும். அப்படி அல்ல. தாவோஸ் கலகத்துக்குத் தீர்ப்புச் சொன்ன போபியனும் இன்னொருவரும் அர்மீஹோவிடம் 1841-இல் வாங்கிய தனியார் மானியம் பிறகு மேக்ஸ்வெல் மானியம் என்ற பெயரில் கம்பெனி கைக்குப் போனது. மெக்சிகோ சட்ட வரம்புப்படி அது ஒரு லட்சம் ஏக்கரைத் தாண்டியிருக்கக் கூடாது. 1887-இல் உச்ச நீதிமன்றம் 17 லட்சம் ஏக்கராக அதை ஒப்புக்கொண்டது. கம்பெனியின் மானியம் ஊதியது, ஊரின் மானியம் சுருங்கியது.

பதில் லாஸ் வேகாஸில் வந்தது, கார்னி மொட்டை மாடியில் நின்று பேசிய அதே ஊரில். ரயில் 1879-இல் வந்து, பின்னாலேயே பெரிய பண்ணைக்காரர்கள் வந்து பொதுக்காட்டில் முள்கம்பி போட்டார்கள். 1889-இல் இரவில் வெள்ளைத் துணி முகமூடியோடு குதிரைக்காரர்கள் வந்து வேலியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். வெள்ளைத் தொப்பிகள் என்று பெயர். ஹுவான் ஹோசே எரேரா, அவர் தம்பிகள் பாப்லோ, நிகானோர் ஆகியோர் முன்னின்றவர்கள். ஹுவான் ஹோசே ஒரு தொழிற்சங்க அமைப்பாளரும்கூட. ரயில்வேக்குக் குறைந்த கூலிக்குத் தண்டவாளக் கட்டை வெட்டுவதையும் நிறுத்தச் சொன்னார்கள். 1890 மார்ச்சில் ஊர் முழுக்க அறிக்கை ஒட்டினார்கள்: எங்கள் நோக்கம் பொதுமக்களின், குறிப்பாக ஆதரவற்றவர்களின் உரிமையைக் காப்பது. வழக்குப் போட்டார்கள், சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. அதே வருடத் தேர்தலில் அவர்கள் ஆதரித்த மக்கள் கட்சி மாவட்டத்தில் ஜெயித்து, பாப்லோ எரேரா சட்டசபைக்குப் போனார். போனவர் அங்கேயே எழுந்து, நான் ஜெயிலிலும் இருந்திருக்கிறேன், இந்தச் சபையைவிட அங்கே நேர்மை அதிகம் என்ற பொருளில் சொல்லிவிட்டு வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. நிலத்தைச் சுருட்டிய சாண்டா ஃபே வக்கீல் கும்பலோடு ஸ்பானிய மொழி பேசும் பெரிய குடும்பங்களும் பங்கு போட்டன. வெட்டப்பட்ட வேலிகளில் சில அவர்களுடையவை. கலிஃபோர்னியப் பண்ணைகளின் வேலை முழுவதையும் செய்தவர்கள் பழங்குடியினர், பெரும்பாலும் கூலி என்று சொல்ல முடியாத கூலிக்கு. 1848-க்குப் பிறகு அவர்கள் பட்டது மெக்சிகோக்காரர்கள் பட்டதைவிடப் பல மடங்கு, கொன்று குவிக்கப்பட்டார்கள். உடன்படிக்கையின் 11-ஆவது விதியே, இந்தப் பழங்குடிகள் மெக்சிகோவுக்குள் புகாமல் தடுப்போம் என்று இரு அரசுகளும் அவர்களைக் கேட்காமல் போட்ட ஒப்பந்தம். பறிகொடுத்தவர்கள் தாங்களும் பறித்தவர்கள் என்பதைத் தாவோஸில் ஒரு நாள் சேர்ந்து நின்றது அழித்துவிடாது.

நிலத்துக்கு வெளியே தாக்குப்பிடித்தவையும் உண்டு. நியூ மெக்சிகோவில் எண்ணிக்கை பலம் இருந்ததால் சட்டசபையில் பல பத்தாண்டுகள் ஸ்பானிய மொழியிலேயே வாதாடினார்கள். அரிசோனாவின் டூசானில் 1894-இல் தொடங்கிய அலியான்சா இஸ்பானோ-அமெரிக்கானா போன்ற சங்கங்கள் சாவுக்கும் நோய்க்கும் பணம் கொடுத்தன. ஊருக்கு ஊர் கிளை பரப்பின. மனைவிக்குச் சொத்தில் பாதிப் பங்கு என்ற ஸ்பானிய வழக்கம் கலிஃபோர்னியா, டெக்சாஸ் சட்டங்களில் புகுந்து இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே விவாகரத்து வழக்கு நடத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

ஊர்களிடமிருந்து போன பொதுக்காடுகளில் பெரும்பகுதி தேசியக் காடுகளாயின. அவற்றில் ஒன்றுக்கு அமெரிக்கப் படைகளுக்கு வழிகாட்டியாக இருந்த கிட் கார்சனின் பெயர். தாவோஸில் சுவரைக் குடைந்து தப்பிய ஹராமியோ சகோதரிகளில் ஒருத்தியின் கணவர் அவர். 1966-இல், மானிய நிலங்களை மீட்கப் போராடிய ரெயிஸ் லோபேஸ் திஹேரினாவின் ஆட்கள் அந்தக் காட்டின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு இது எங்கள் மானியம் என்றார்கள். 1967 ஜூன் 5 அன்று தியேர்ரா அமரிய்யா கோர்ட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். 2004-இல் நியூ மெக்சிகோ மாநிலம் ஊர் மானியங்களைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகளாக அங்கீகரித்தது. அதே வருடம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இந்த மானிய வழக்குகளை மறுபடி ஆராய்ந்து, நடந்ததில் சட்டமீறல் இல்லை என்றது. ஆனாலும் நாடாளுமன்றம் விரும்பினால் செய்யக்கூடியவை என்று சில வழிகளை அடுக்கியது: ஒன்றும் செய்யாமல் விடுவது, மக்கள் பட்ட கஷ்டத்தை ஒப்புக்கொள்வது, ஆணையம் அமைப்பது, நிலத்தைத் திருப்பித் தருவது, பணம் கொடுப்பது. மானிய ஊர்கள் இப்போது விடாமல் கேட்பவற்றில் ஒன்று, அந்தக் காட்டில் விறகு வெட்டவும் மாடு மேய்க்கவும் உரிமை.